மாம்பழத்துக்குக் கூட்டுப் பட்டா

சிதம்பரத்தில் தேரோடும் வீதிக்கு ஒரு தெரு தள்ளி ஒரு ஃப்ளெக்ஸ் கடை. திருவாதிரைக் கூட்டம் கலைந்து சில நாள்தான் ஆகியிருந்தது. புவனகிரிப் பக்கத்திலிருந்து ஒரு பாமக கிளைச் செயலாளர் வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தை பிறந்ததும் பேத்திக்குக் காதுகுத்து. பத்துக்கு எட்டில் ஒரு ஃப்ளெக்ஸ் வேண்டும். குழந்தை படம், தாய்மாமன் படம், மண்டபத்துக்கு வழி எல்லாம் சரியாகிவிட்டது. கடைத் தம்பி மவுஸை விட்டுவிட்டுத் திரும்பினான்.

"மேல யாரு படம்ண்ணே? அய்யாவா, சின்னய்யாவா?"

அவர் பதில் சொல்லவில்லை. கிராம நிர்வாக அலுவலர் 'இந்த மனை யார் பேர்ல இருக்கு?' என்று கேட்டால் நம் ஆட்கள் தொண்டையைச் செருமுவார்களே, அப்படிச் செருமினார்.

"ரெண்டு பேரையும் போடு."

"ரெண்டு பேரையும் போட்டா ரெண்டு கோஷ்டியும் வராதுண்ணே. மொய் நஷ்டம்."

"அய்யாவப் பெருசா வச்சி, சின்னய்யாவ ஓரமா..."

"போன வாரம் அப்படித்தான் ஒருத்தருக்கு அடிச்சிக் குடுத்தேன். ராத்திரியே பிளேடு போட்டுட்டாங்க."

1987 செப்டம்பரில் வன்னியர் சங்கம் ஒரு வாரம் சாலை மறியல் நடத்தியபோது இந்த மனிதருக்கு மீசை அரும்பும் வயசு. ரோட்டில் மரத்தைச் சாய்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தவர்களில் அவரும் ஒருத்தர். லத்தி விழுந்த இடத்தைச் சட்டையைத் தூக்கிக் காட்டுகிற தலைமுறை. அந்தப் போராட்டத்தில் 21 பேர் செத்தார்கள். 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 விழுக்காடு இடஒதுக்கீடு வந்தது. அதே ஆண்டு ஜூலையில் பாட்டாளி மக்கள் கட்சியும் வந்தது. முப்பத்தாறு வருஷம் கழித்து, அந்தக் கட்சி பிறந்தபோது பிறந்தே இருக்காத ஒரு பையன் அவரைக் கேட்கிறான்: நீங்க அப்பா கட்சியா, மகன் கட்சியா?

வேறு வேலையாக அங்கே நின்றிருந்த எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. கடலூருக்குத் திரும்பும் பஸ்ஸில், பரங்கிப்பேட்டை தாண்டுவதற்குள் அது எரிச்சலாகிவிட்டது. அந்த எரிச்சல்தான் இந்தக் கட்டுரை.

நடந்ததைத் தேதிவாரியாக எழுதினால் சார்பதிவாளர் அலுவலகத்து வில்லங்கச் சான்று மாதிரிதான் இருக்கும். 2024 டிசம்பர் 28, புதுச்சேரியை ஒட்டிய பட்டானூரில் பொதுக்குழு. நிறுவனர் ராமதாஸ், தொண்டர்களின் அய்யா, தன் மகள் வயிற்றுப் பேரன் முகுந்தனை இளைஞர் சங்கத் தலைவர் என்று மேடையில் அறிவிக்கிறார். பேரனின் தாய்மாமன், அதாவது நிறுவனரின் மகனும் கட்சித் தலைவருமான 'சின்னய்யா' அன்புமணி, கட்சிக்கு வந்து நாலு மாதமே ஆனவருக்கு என்ன அனுபவம் என்று அதே மேடையில் மறுக்கிறார். 2004இல் ஒரு வாக்காளர் வீட்டுக் கதவையும் தனக்காகத் தட்டாமல், மாநிலங்களவை வழியாக மத்திய சுகாதார அமைச்சராகவே அரசியலில் இறங்கியவருக்கு அனுபவத்தின்மேல் அப்படியொரு மரியாதை. இது நான் உருவாக்கிய கட்சி, கேட்காதவர்கள் போகலாம் என்றார் அப்பா. பனையூரில் எனக்கு அலுவலகம் இருக்கிறது, அங்கே வந்து என்னைப் பார்க்கலாம் என்று செல்பேசி எண்ணைச் சொல்லி மைக்கைப் போட்டார் மகன். அன்றைய பொதுக்குழுவில் வந்தவர்கள் குறித்துக்கொண்டு போனது தீர்மானத்தை அல்ல, போன் நம்பரை.

அப்புறம் 2025 ஏப்ரல் 10. இனி நானே தலைவர், மகன் செயல் தலைவர் என்றார் அய்யா. நான்தான் பொதுக்குழு தேர்ந்தெடுத்த தலைவர் என்றார் மகன். அய்யா இருக்கும் தைலாபுரம் ஒரு மாவட்டச் செயலாளரை நீக்கும். மறுநாள் காலை பனையூர் 'அவரே தொடர்கிறார்' என்று கடிதம் விடும். நீக்கப்பட்டவர் தொடர்வார், தொடர்பவர் நீக்கப்படுவார். ஒரே மாவட்டத்துக்கு இரண்டு செயலாளர், ஒரே நகரத்துக்கு இரண்டு லெட்டர்பேடு. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருக்கும் வன்னியர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த வேகத்தில் நியமன ஆணை வந்திருந்தால் அய்யாவுக்குக் கோயில் கட்டியிருக்கலாம்.

ஜூலையில் கும்பகோணத்தில் அய்யா ஒரு தீர்ப்புச் சொன்னார். மகன் தன் பெயரைப் பயன்படுத்தக் கூடாதாம். வேண்டுமானால் இனிஷியல் மட்டும் போட்டுக்கொள்ளலாமாம். இதைப் பத்திர எழுத்தர்கள் ரசித்திருப்பார்கள். நிலம் கிடையாது, கிணறு கிடையாது, வரப்பில் நடந்துபோக மட்டும் பாத்தியம்.

அதே ஜூலையில் எங்கள் மாவட்டத்து விருத்தாசலத்துக்கு வந்த அய்யா, தன் வீட்டில் தான் உட்காரும் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒட்டுக்கேட்கும் கருவி இருந்தது என்றும், அது லண்டனிலிருந்து வந்தது, விலை அதிகமானது என்றும் சொன்னார். யார் வைத்தார்கள் என்பது காவல் துறையின் பாடு. என் கவலை வேறு. ஒரு நாற்காலி என்ன பேசுகிறது என்று கேட்க லண்டன் சாமான் வந்து இறங்குகிறது. விருத்தாசலத்துக்காரர்களின் குரலைக் கேட்க உள்ளூர்க் காது ஒன்றுகூட இந்தக் கட்சியில் மிச்சமில்லை.

ஜூலை 24ஆம் தேதி அன்புமணியின் மாநிலங்களவைப் பதவிக்காலம் முடிந்தது. 25ஆம் தேதி, அப்பாவின் பிறந்த நாளன்று, திருப்போரூரில் மக்கள் உரிமையை மீட்க நூறு நாள் நடைப்பயணம் தொடங்கினார். மக்களுக்கு உரிமை பறிபோன விஷயம் பதவி போன மறுநாள் காலையில்தான் சிலருக்குத் தெரியவருகிறது. நடைப்பயணத்துக்குத் தடை கேட்டுப் போலீஸில் மனுக் கொடுத்தது ஆளுங்கட்சி என்று நினைத்துவிடாதீர்கள். பெற்ற தகப்பன்.

கட்சியின் சின்னம் மாம்பழம் என்றதும் முருகன், பிள்ளையார், உலகம் சுற்றின கதை என்று மேடை மேடையாகச் சொல்லித் தீர்த்துவிட்டார்கள். அந்த உவமை பொருந்தாது. அங்கே பழத்துக்கு அடித்துக்கொண்டது பிள்ளைகள். இங்கே கொடுக்க வேண்டிய அப்பாவே பழம் கேட்டு வரிசையில் நிற்கிறார்.

ஆகஸ்டில் மகன் கூட்டும் பொதுக்குழுவுக்குத் தடை கேட்டு வழக்கு. உயர் நீதிமன்ற நீதிபதி இருவரையும் தன் அறைக்கு அழைத்துப் பேசிப் பார்த்தார். மகன் நேரில், அப்பா காணொலியில். நடக்கவில்லை. ஆகஸ்ட் 9இல் மாமல்லபுரத்தில் பொதுக்குழு கூடி மகனின் பதவியை ஓராண்டு நீட்டித்தது. மேடையில் அய்யாவுக்காக ஒரு நாற்காலியைக் காலியாகப் போட்டு வைத்திருந்தார்கள். சிதம்பரத்துக்காரர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. சிற்சபையில் திரையை விலக்கினால் தங்க வில்வ மாலை தொங்கும், உருவம் எதுவும் இருக்காது. அதைக் கும்பிட நாங்கள் கற்றிருக்கிறோம். ஆனால் அங்கே யாரும் அந்த வெற்றிடத்துக்குப் பதவி நீட்டிப்புத் தீர்மானம் போடுவதில்லை.

எட்டே நாளில் பட்டானூரில் அப்பாவின் பொதுக்குழு. மகன்மீது 16 குற்றச்சாட்டு. செப்டம்பர் 11இல் அடிப்படை உறுப்பினர் பதவியிலிருந்தே மகன் நீக்கம். அக்டோபரில் காலியான செயல் தலைவர் பதவிக்கு ஆள் தேடினார்கள். தமிழ்நாடு முழுக்கத் தேடியிருப்பார்கள் போல. கடைசியில் கிடைத்தவர் அய்யாவின் மூத்த மகள். டிசம்பரில், கால் நூற்றாண்டு தலைவராக இருந்து நாற்காலியை அன்புமணிக்காகத் துடைத்துக் கொடுத்த ஜி.கே. மணியை அன்புமணி தரப்பு நீக்கியது. சட்டமன்றத்தில் இருந்ததே ஐந்து பேர். மூன்று பேர் மகனோடு, இரண்டு பேர் அப்பாவோடு.

இதில் உண்மையைப் பளிச்சென்று சொன்னது தில்லி உயர் நீதிமன்ற வழக்குதான். இது பதிவு பெற்ற கட்சி, ஆனால் அங்கீகாரம் பெற்ற கட்சி அல்ல. இதன் உட்கட்சித் தகராறில் நாங்கள் முடிவு சொல்ல முடியாது என்றது தேர்தல் ஆணையம். உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போங்கள் என்றது நீதிமன்றம். அதாவது வரப்புத் தகராறு, பங்காளிச் சண்டை, கிணற்றுப் பங்கு எல்லாம் போகிற இடத்துக்கு. இத்தனை நாள் மேடையில் சமூகநீதி என்று முழங்கியதற்கு அரசாங்கப் பாஷையில் என்ன பெயர் என்று ஒருவழியாகத் தெரிந்துவிட்டது: பாகப்பிரிவினை. மாம்பழம் என்பது கூட்டுப் பட்டா. தொண்டன் அந்தச் சொத்தோடு சேர்ந்து வருகிற ஏர் கலப்பை, உழவு மாடு.

கடலூர்க்காரர்களுக்கு இரண்டாகப் பிளந்து கிடப்பது புதுசில்லை. முதுநகர், புதுநகர் என்று எங்களுக்கு ஏற்கெனவே இரண்டு கடலூர். வெளியூர்க்காரர் துறைமுகச் சந்திப்பில் இறங்கிவிட்டுக் கலெக்டர் ஆபீஸ் எங்கே என்று தேடுவார். திருப்பாதிரிப்புலியூரில் இறங்கியிருக்க வேண்டும் என்று ஆட்டோக்காரர் சொல்லும்போதுதான் முகம் மாறும். இப்போது கட்சிக்காரருக்கும் அதே கதி. கட்சி எது என்று அந்த ஆட்டோக்காரரிடம்தான் விசாரிக்க வேண்டும்.

தேர்தல் கணக்கையாவது இவர்கள் பார்த்தார்களா? 2021இல் நெய்வேலியில் பாமக தோற்றது 977 ஓட்டில். விருத்தாசலத்தில் 862 ஓட்டில். கட்சி ஒன்றாக, கூட்டணி பலமாக, பத்தரை விழுக்காடு உள்ஒதுக்கீட்டுச் சட்டம் சூடாகக் கையில் இருந்தபோது கிடைத்த கணக்கு இது. (அந்தச் சட்டம் தேர்தல் தேதி அறிவித்த அதே நாளில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. 2022 மார்ச் 31இல் உச்ச நீதிமன்றத்தில் செத்தது. அடுப்பிலிருந்து இறக்கும்போதே ஊசிப்போன சோறு.) ஒரு தெரு மாறி ஓட்டுப் போட்டிருந்தால் ஜெயித்திருக்கக்கூடிய இரண்டு தொகுதிகள். அந்தத் தெருவில்தான் இப்போது சுவர் எழுப்புகிறார்கள்.

2024 மக்களவைத் தேர்தலைச் சொன்னால் இன்னும் சுவை. கடலூரில் பாமகவுக்காக நின்றவர் இயக்குநர் தங்கர் பச்சான். தென்னம்பாக்கம் கோயிலுக்குப் போனவர் வாசலில் இருந்த கிளி ஜோசியரிடம் உட்கார்ந்தார். கிளி சீட்டு எடுத்தது; வெற்றி என்றது. வீடியோ பரவியது. வனத்துறை பாய்ந்து வந்து ஜோசியரைப் பிடித்தது, கிளிகளைப் பறிமுதல் செய்தது. நாட்டில் பொய் வாக்குறுதி சொன்னதற்காக உடனடி நடவடிக்கைக்கு ஆளான ஒரே பேச்சாளர் அந்தக் கிளிதான். வேட்பாளர் மூன்றாம் இடம். ஜெயித்த காங்கிரஸ்காரர் விஷ்ணு பிரசாத், அன்புமணியின் மைத்துனர். எப்படிச் சீட்டு எடுத்தாலும் வெற்றி சொந்தத்துக்குள்தான் வரும் என்று கிளி சொல்லியிருந்தால் பலித்திருக்கும்.

அந்தத் தேர்தலில் நின்ற பத்துத் தொகுதியிலும் தோல்வி. எந்தக் கொள்கையில் அந்தக் கூட்டணி அமைந்தது என்று நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டோம். பாஜகவோடு சேர வேண்டும் என்று மகனும் மருமகளும் என் காலைப் பிடித்து அழுதார்கள் என்று அய்யாவே மறுவருஷம் நிருபர்களிடம் சொன்னார். உண்மையோ பொய்யோ, சொன்னவர் நிறுவனர். லட்சக்கணக்கான ஆட்களின் ஓட்டு ஒரு வீட்டுக் கூடத்தில், ஒருவர் காலடியில் தீர்மானமாகிறது. அதைச் சொல்ல அவருக்குக் கூச்சமும் இல்லை. கேட்டுக்கொண்டு போஸ்டர் ஒட்டப் போன நமக்கும் இல்லை.

இங்கே நான் சிரிப்பை நிறுத்திக்கொள்கிறேன்.

2023 ஜூலை 26, சேத்தியாத்தோப்புப் பக்கம் வளையமாதேவி. என்எல்சியின் வாய்க்காலுக்காக, கதிர் பிடித்து நின்ற நெல்வயலுக்குள் பொக்லைன் இறங்கியது. பச்சைப் பயிர் சங்கிலிச் சக்கரத்தில் சேற்றோடு சுருண்டதைப் பார்த்தவர்கள் இன்னும் அதைச் சொல்லும்போது கையை விரித்துக் காட்டுவார்கள், இவ்வளவு உயரம் நின்னுதுங்க என்று. இரண்டு நாள் கழித்து நெய்வேலியில் அன்புமணி தலைமையில் முற்றுகை. அதைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வாரம் இந்த மாவட்டத்துக்கு அந்தக் கோபம் தேவைப்பட்டது. கல் பறந்தது, தண்ணீர் பீய்ச்சினார்கள், வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். தலைவரைக் கைது செய்து வேனில் ஏற்றினார்கள். தொண்டர்கள் மண்டை உடைந்தும் வழக்கு வாங்கியும் ஊர் திரும்பினார்கள். அந்த வழக்கு வாங்கிய பையனுக்கு வாய்தா வந்தால் பஸ் காசு யார் கொடுப்பது? தைலாபுரமா, பனையூரா? நிலம் கொடுத்தவனின் வேலை என்ன ஆனது என்று கேட்டு மத்திய அரசுக்குக் கடிதம் எழுத வேண்டிய கை, 'இவரை நீக்குகிறேன், அவரை நியமிக்கிறேன்' என்று ஒரு வருஷம் கையெழுத்துப் போட்டே தேய்ந்துவிட்டது.

ஃபெஞ்சல் புயலில் தென்பெண்ணை உடைத்துக்கொண்டு வந்து கடலூர்க் குடியிருப்புகளில் கழுத்தளவு நின்றது 2024 டிசம்பர் முதல் வாரம். பட்டானூர் மேடையில் மைக் விழுந்தது அதே மாதக் கடைசி வாரம். சேறு காய்ந்திருக்கவில்லை. பட்டானூர் இங்கிருந்து பக்கம்தான். காற்றடித்தால் நாற்றம் போய்ச் சேரும்.

தானோ தன் வாரிசோ எந்தப் பதவிக்கும் வர மாட்டோம், வந்தால் முச்சந்தியில் நிறுத்திச் சவுக்கால் அடியுங்கள் என்று அந்தக் காலத்தில் சொன்னவர் இந்த அய்யாதான். கேட்டவர்கள் அழுதார்கள். சவுக்கை யாரும் எடுக்கவில்லை, நல்லவேளை. இன்றைக்கு எடுத்தால் மகன், மகள், பேரன் என்று அடிப்பவனுக்குத் தோள்பட்டை கழன்றுவிடும். சிதம்பரம் தனித்தொகுதி 1998, 1999, 2004 என்று தொடர்ந்து மூன்று முறை இந்தக் கட்சியைத் தில்லிக்கு அனுப்பியது. தலித் எழில்மலையும் பொன்னுசாமியும் இங்கிருந்து போய் மந்திரியானவர்கள். ஊரும் சேரியும் ஒரே சின்னத்தில் ஓட்டுப் போட்ட அந்த வரலாற்றை வளர்த்திருந்தால் தமிழ்நாட்டு அரசியலின் முகமே வேறாக இருந்திருக்கும். அதை விட்டுவிட்டு அதே ஊர்களில் எதை வளர்த்தார்கள் என்பதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். ஒரு கட்டுரை போதாது.

பாமகவை மட்டும் அடிக்கிறாயே என்று கேட்பார்கள். சரி. 2022 ஜூலையில் ராயப்பேட்டையில் அதிமுக தலைமை அலுவலகக் கதவை உடைத்து, வருவாய்த் துறை வந்து சீல் வைத்ததைப் பார்க்கவில்லையா? அந்தச் சண்டையில் வெளியே வந்த பன்னீர்செல்வம் 2024இல் ராமநாதபுரத்தில் பலாப்பழச் சின்னத்தில் நின்றார். பலா பண்ருட்டியில் காய்ப்பது. அந்தப் பண்ருட்டி பெயரைச் சுமக்கும் ராமச்சந்திரன் 1991இல் பாமகவின் ஒரே எம்எல்ஏவாக யானைமேல் ஏறிச் சட்டமன்றம் போனார்; அன்றைக்குச் சின்னம் யானை. பிறகு அவர் ஏறி இறங்கிய கட்சிகளை எண்ண யானைக்கே ஞாபகசக்தி போதாது. எங்கள் மாவட்டம் முந்திரி, பலா, பழுப்பு நிலக்கரியோடு இதையும் ஏற்றுமதி செய்கிறது.

இருந்தாலும் வித்தியாசம் உண்டு. அங்கே அடித்துக்கொள்பவர்கள் ஆட்சி பார்த்தவர்கள். பங்கு பிரிக்கக் கொஞ்சம் சொத்து இருந்தது. இங்கே பிரிப்பது 21 பிணங்களின் மேல் முளைத்த ஒரு மரத்தை.

2026 ஜனவரி 7ஆம் தேதி அன்புமணி எடப்பாடி பழனிசாமியின் வீட்டுக்குப் போய்க் கூட்டணியை முடித்துவிட்டு வந்தார். அது செல்லாது என்றது தைலாபுரம். ஒரே மாம்பழம் இரண்டு கூடையில் விலை பேசப்பட்டது. வாங்குகிறவர்கள் விவரமானவர்கள். அழுகின பகுதியைச் சீவிவிட்டு எடை போடுவார்கள்.

தில்லையில் தலைமைப் போட்டி ஒன்று முன்பே நடந்திருக்கிறது. நடராசருக்கும் காளிக்கும். ஆடிப் பார்த்தார்கள், ஒருவர் காலைத் தூக்கினார், ஆட்டம் முடிந்தது. தோற்றவள் ஊர் எல்லைக்குப் போய் உட்கார்ந்தாள். கோயில் பூட்டப்படவில்லை, தீட்சிதர்களில் பாதிப் பேர் நீக்கப்படவில்லை, பக்தர்களிடம் 'நீ எந்தக் கோஷ்டி' என்று யாரும் கேட்கவில்லை. எல்லைக்குப் போனவளுக்கும் இன்றுவரை கூட்டம் குறையவில்லை.

ஃப்ளெக்ஸ் கடையில் கிளைச் செயலாளர் கடைசியாக அதைத்தான் சொன்னார்.

"ரெண்டு பேரும் வேணாம்டா. தில்லைக் காளி படத்தப் போடு."

தம்பி போட்டான். பிரிண்ட் ஓட ஆரம்பித்தது. காசை எண்ணிக் கொடுத்துக்கொண்டே அவர் இன்னொன்றும் சொன்னார். 2025 டிசம்பரில் வெளியான வரைவு வாக்காளர் பட்டியலில் அவர் மனைவி பெயர் இல்லையாம். வீட்டுக்கு வீடு போய்ப் பார்க்கக் கட்சிப் பூத் ஆள் இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள், கோஷ்டிக்கு ஒருவர். அவர் போவார் என்று இவரும், இவர் போவார் என்று அவரும் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

தமிழ்நாடு முழுக்க அந்த வரைவில் 97 லட்சத்துக்கு மேல் பெயர்கள் விடுபட்டிருந்தன. யார் யாரை நீக்கினார்கள் என்று தைலாபுரத்திலிருந்தும் பனையூரிலிருந்தும் வரும் அறிக்கைகளைப் படித்தது போதும். வாக்காளர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். உங்கள் பெயர் இல்லையென்றால் படிவம் 6. இன்றைக்கே.